கிணற்றடியில் முடியாத கதை

சென்ற இரண்டு மாதங்களில் இப்பக்கத்திற்கு வந்து சேர்ந்த சிறுகதைகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஐந்து கதைகள் ஒரே கிணற்றிலே முடிகின்றன. எழுதியோர் வேறு வேறு ஊரினர். ஒருவர் வவுனியாவிலே ஆசிரிய பயிற்சி பெறுபவர்; ஒருவர் மட்டக்களப்பிலே பல்கலைக்கழக மாணவர்; ஒருவர் ஹற்றன் பக்கத்து இளைஞர்; மற்றை இருவரும் குடாநாட்டினர். ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். ஆயினும் ஐவருடைய கதைத்தலைவியரும், வேண்டாத கருவைச் சுமந்துகொண்டு, விடியற்புறத்திலே, துலாக்கயிறு காற்றில் அசைய, ஒரே கிணற்றை நோக்கித்தான் நடக்கின்றார்கள். ஹற்றனிலே துலாக்கிணறு இல்லாத குறையை ஒரு மலையோடை நிறைவு செய்கின்றது. துலா இன்று யாழ்ப்பாணத்திலேயே காண்பதற்கு அரிதாகிவிட்டது. கதைகளிலே மட்டும் அஃது இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றது.

எழுதியவர்களை நகையாடுவது என் நோக்கமன்று. முப்பத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியையாயிருந்து, இத்தகைய கதைகளை வகுப்பிலே படிப்பித்து, அவற்றின் முடிவிலே தோன்றும் அவலச்சுவையை விளக்குமாறு வினாத்தாளிலே கேட்டு, விடைக்குப் புள்ளியும் இட்டவள் நான். குற்றத்திலே எனக்கும் பங்குண்டு. ஆனால் இப்பொழுது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டியிருக்கின்றது. கிணறு எழுத்தாளனுக்கு மிகவும் சௌகரியமான இடம். அவள் விழுந்துவிட்டால் அவளை மேற்கொண்டு எதுவும் கேட்கவேண்டியதில்லை. ஊரார் ஒப்பாரி வைக்கலாம். வஞ்சித்தவன் மனம் வருந்தலாம். வாசகர் பெருமூச்சு விடலாம். அவள் மாத்திரம் வாய்திறக்கமாட்டாள்.

உண்மை வேறு. கருவைக் கலைப்போருள் பெரும்பாலோர் மணமானவர்கள், முன்னரே பிள்ளை பெற்றவர்கள் என்று இந்நாட்டு வைத்தியர்களும் ஆய்வாளரும் நெடுங்காலமாக எழுதி வருகின்றார்கள். நாளொன்றுக்கு 600க்கு மேல் நடைபெறுகின்றது என்பது சுகாதாரத் துறையினர் 2016 அளவிலே எடுத்துச் சொன்ன மதிப்பீடு. இரகசியமாக நிகழ்வதைச் சரியாக எண்ண எவராலும் இயலாது; எனினும் அதிற் பாதியென்று கொண்டாலுங்கூட, அத்தனை பேரும் கிணற்றை நோக்கி நடப்பவரல்லர் என்பது தெளிவு. அவர்கள் மறுநாட் காலையிலே எழுந்து உலை வைக்கின்றார்கள். பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகின்றார்கள். சிலர் பள்ளிக்குத் தாமே சென்று பாடமும் நடத்துகின்றார்கள்.

நம் பழங்கதைகள் இவ்வகையிலே நம்மினும் துணிவுடையனவோ என்று எண்ணுவதுண்டு. குந்திதேவி குழந்தையைப் பேழையிலிட்டு ஆற்றிலே விட்டாள். ஆனால் அவள் பின்னால் தானும் ஆற்றிலே குதிக்கவில்லை. வாழ்ந்தாள், அரசியானாள், முதுமையடைந்தாள். பேசாதிருந்ததன் பாரத்தைப் பாரதம் முழுவதும் சுமந்தாள்.

கிணற்றில் விழாத ஒருத்தியின் கதையை இங்கே சொல்லப்போகின்றேன். அவள் நானேதான்.

1986 ஆம் ஆண்டு. எனக்கு வயது முப்பத்தொன்று. மூத்தவளுக்கு நான்கு வயது, இளையவனுக்குப் பத்து மாதம். அவனைச் சத்திரசிகிச்சையினாலேயே எடுத்தார்கள், இரத்தம் ஏற்றினார்கள், இரண்டு வருஷமாவது பொறுக்கவேண்டும் என்று எச்சரித்தே வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கணவர் கொழும்பிலே ஒரு கம்பனியில் எழுதுவினைஞராயிருந்தவர். 1983 ஆடிக் கலவரத்திலே தொழிலையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் இழந்து ஊருக்கு வந்து, வெங்காயத் தோட்டம் செய்து பழகிக்கொண்டிருந்தார். என் சம்பளத்திலே ஆறு பேர் சீவித்தோம். மாத்திரை கொண்டுவந்து தந்த குடும்பநல மருத்துவிச்சி மாற்றலாகிப் போனபின் அவ்விடத்திற்கு எவரும் வரவில்லை. கோட்டையிலிருந்து ஷெல் வந்து விழும் நாட்களிலே அதைப்பற்றி எவரிடம் போய் முறையிடுவது?

நாள் தள்ளிப்போனதை உணர்ந்து இரண்டு இரவு உறங்காதிருந்தேன். மூன்றாம் நாள் அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உம்மட உடம்பு. நீர்தான் சொல்லவேணும்” என்றார். அதிகம் பேசாத மனிதர். அவர் என்னோடு பேசிய பேச்சுக்களுள் இதற்கே நான் மிகவும் கடமைப்பட்டிருக்கின்றேன்.

முதலில் எங்கள் வைத்தியரிடமே சென்றேன். அவர் நல்லவர். கதவைச் சாத்திவிட்டு, என் பழைய துண்டுகளையெல்லாம் விரித்துப் பார்த்தார். தாயின் உயிரைக் காக்க வேண்டியிருந்தால் மட்டுமே சட்டம் இடந்தரும் என்றார். என் உயிருக்கு இப்பொழுது ஆபத்து என்று தம்மால் எழுத முடியாது. ஆபத்து வந்தபின் எழுதலாம் என்றார். அவர் கண்களை நான் பார்க்கவில்லை. அவரும் என் கண்களைப் பார்க்கவில்லை.

எங்கள் பாடசாலையிலே மனையியல் படிப்பித்த மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். நான் ஒன்றும் சொல்லாமலே அறிந்துகொண்டார்; என் சேலைக்கட்டு அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். இளைப்பாறிய மருத்துவிச்சி ஒருவரிடம் என்னை அழைத்துச் சென்றவர் அவரே. ஒரு சோடி காப்பை அடகு வைத்தேன். பள்ளிக்கூட விழாவுக்கு ஒருத்தி இரவல் கேட்டாள் என்று மாமியிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய் எட்டு மாதம் நீண்டது. காப்பு மீண்டும் கைக்கு வந்த அன்று மாமி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல காலம், குடுத்திட்டாள்” என்று மட்டும் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததோ என்று இன்றும் ஐயுறுகின்றேன்.

அங்கே நடந்ததை விரித்தெழுத விரும்பவில்லை. வலித்தது. சுவரிலே ஒரு பழைய கலண்டரில் சரஸ்வதி வீற்றிருந்தாள். பாடசாலையிலே நாள்தோறும் கும்பிடும் அதே படம். மூன்றாம் நாள் காய்ச்சல் மூண்டது. நாலாம் நாள் நினைவு தடுமாறியபோது என்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். தாதியொருத்தி என் நாடியைப் பிடித்துக்கொண்டே, காதோடு குனிந்து, “பிள்ளை, எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். ஆர் கேட்டாலும் தானாய்ப் போச்சுது எண்டு சொல்லும்” என்றாள். அப்படியே சொன்னேன். கேட்டவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அந்தப் பதிவேட்டிலே நான் இன்னும் அவ்வாறேதான் இருப்பேன்.

அடுத்த கட்டிலிலே ஒருத்தி கிடந்தாள். இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். கூலிவேலை செய்பவள், மூன்று பிள்ளைகள், கணவன் வள்ளமேறி அக்கரைக்குப் போனவன். அவள் எவரிடமும் போகவில்லை. போவதற்கு அடகு வைக்க அவளிடம் ஒன்றுமில்லை. தானே எதையோ செய்துகொண்டாள். இரண்டாம் நாள் இரவு, விளக்கைத் தணித்தபின், என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்: “அக்கா, உங்களுக்கும் அதுவோ?”

இல்லை என்று தலையசைத்தேன்.

அவள் முகத்தை அப்பாற் திருப்பிக்கொண்டாள். அதன்பின் என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் கழித்து விடியும்போது அக்கட்டில் விரிப்பு மாற்றப்பட்டு வெறுமையாயிருந்தது. கருவைக் கலைத்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. சோகமுண்டு, வருத்தம் இல்லை. அந்தத் தலையசைப்புக்காக இன்றுவரை வருந்துகின்றேன்.

அவளுக்கும் எனக்கும் இடையே கிடந்த வேறுபாடு ஒரு சோடி காப்பு. சட்டத்தைப் பற்றி நான் கற்றதெல்லாம் இதற்குப் பின்னரே.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஆங்கிலேயர் தந்தது. அதன் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நன்னோக்கத்தாலன்றிக் கருச்சிதைவை விளைவிப்போருக்கு மூன்று வருஷம் வரை சிறை என்கின்றது. கரு அசையத் தொடங்கிய பின்னராயின் ஏழு வருஷம் வரை. தன் கருவைத் தானே சிதைப்பவளும் இப்பிரிவிலே அடங்குவாள் என்று விளக்கமும் கூறுகின்றது. இந்தியாவுக்கென 1860 இல் இயற்றிய கோவையிலிருந்து அவர்கள் இதை எடுத்தார்கள். தம் நாட்டிலே 1967 இல் வேறு சட்டம் செய்துகொண்டார்கள். இந்தியா 1971 இல் செய்துகொண்டது. வங்காளதேசம் பழைய கோவையை அப்படியே வைத்துக்கொண்டு, 1979 முதல், “மாதவிடாயை ஒழுங்குபடுத்தல்” என்னும் பெயராலே ஆரம்ப வாரங்களில் அரசாங்க வைத்தியசாலைகளிலேயே இடங்கொடுத்தது. சொல்லை மாற்றி உயிரைக் காத்த விந்தை அது. நேபாளத்திலே இதற்காகப் பெண்கள் சிறையிலே கிடந்த காலம் ஒன்று இருந்தது. 2002 இல் அங்கும் சட்டம் மாறிற்று. இங்கே 1883 இன்னும் நடைபெறுகின்றது.

முயற்சியே இல்லையென்று சொல்வதற்கில்லை. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தப் பாராளுமன்றம் முனைந்தபோது, பாலியல் வல்லுறவு முதலிய சந்தர்ப்பங்களிலே இடந்தரும் வாசகங்கள் மசோதாவிலே இருந்தன. விவாதத்தின் பின் மற்றைப் பகுதிகள் நிறைவேறின, அவ்வாசகங்கள் கைவிடப்பட்டன. 2017 இல் அமைச்சரவை மறுபடியும் இணங்கியது: வல்லுறவினால் உண்டான கரு, பிறந்தாலும் பிழைக்க மாட்டாத ஊனமுடைய கரு, இவ்விரண்டுக்கு மட்டும். சமயத் தலைவர்கள் எதிர்த்தார்கள். கடதாசி மீண்டும் பெட்டிக்குள்ளே போயிற்று.

அந்த 2017 இலேதான் நாங்கள் சிலர் கூடினோம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஐவர், ஒரு தாதி, ஓர் இளம் சட்டத்தரணி. ஊர் வாசிகசாலை மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களிலே கேட்டு வாங்கினோம். கரும்பலகையிலே என்ன எழுதுவதென்று செயலாளர் கேட்டபோது எவருக்கும் வாய் வரவில்லை. “தாய்மார் சுகாதாரக் கருத்தரங்கு” என்று எழுதுவித்தோம். பாராளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பம் சேர்ப்பது எங்கள் நோக்கம்.

தமிழாசிரியை என்பதால் விண்ணப்பம் எழுதும் பணி என்னிடம் வந்தது. முதல் வசனத்திலேயே தடுக்கிவிழுந்தேன். செயலை எச்சொல்லாலே குறிப்பது? “சிதைவு” என்றாலோ “அழிப்பு” என்றாலோ தீர்ப்பு முன்னரே கூறியாயிற்று. “கலைப்பு” சற்று மெல்லியது. முகில் கலைவது போல. பெண்கள் தங்களுக்குள்ளே பேசும்போது “தங்கேல்லை”, “நிண்டிட்டுது”, “அதைச் செய்தது” என்கின்றார்கள். “அது” என்னும் சுட்டுப்பெயருக்கு இவ்வளவு பெரிய பொருளிருப்பதை எந்த இலக்கண நூலிலும் நான் படித்ததில்லை. ஈற்றிலே “கருக்கலைப்பு” என்றே எழுதினோம். அச்சொல்லை உரக்க வாசித்துப் பழகவே எங்களுக்கு இரண்டு ஞாயிறு சென்றது.

விவாதமும் இருந்தது. 2017 மசோதா நிறைவேறியிருந்தாலும் அஃது என்னைக் காத்திராது, அடுத்த கட்டிலிற் கிடந்தவளையும் காத்திராது. மணமான பெண்கள், பிள்ளைக்காரிகள், வறியவர்கள், ஆகிய பெருந்தொகையினரை அது தீண்டவேயில்லை. கிடைப்பதை முதலிலே வாங்குவோம் என்றார் சட்டத்தரணி. அரைக் கதவு திறந்தால் அதோடு விட்டுவிடுவார்கள் என்றார் தாதி. இருவர் சொல்லும் சரியென்றே எனக்குத் தோன்றிற்று. விண்ணப்பத்திலே இரண்டையும் எழுதினேன், அதனால் அது நீண்டுபோயிற்று.

எங்களுள் ஒருவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். கருக்கொண்ட கணத்திலேயே உயிர் உண்டு என்பது அவர் விசுவாசம். கையொப்பமிட மறுத்தார். ஆனால் ஒரு கூட்டத்திற்கேனும் அவர் வராதிருக்கவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார்; வந்தவர்களின் கதைகளைக் கேட்டு அழுதார்; “இதைச் செய்யச்சொல்லி நான் ஒருக்காலும் சொல்லமாட்டன். ஆனால் இந்தப் பிள்ளையளை மறியலுக்கு அனுப்பச் சொல்லியும் நான் கேக்கேல்லை” என்றார். எதிர்த்தோரெல்லாம் இவ்வளவு கேட்டிருந்தாற் போதும்.

கூட்டம் முடிந்தபின்பே கூட்டம் தொடங்கும். மண்டபத்திலே பேசாதவர்கள், செருப்பைத் தேடும்போதும், பின்புறத்து நீர்க்குழாயடியிலே கைகழுவும்போதும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான்கு பிள்ளைகளுக்குப் பின் ஒருத்தி. இடம்பெயர்ந்த முகாமிலே ஒருத்தி. குடிவெறியிலே கணவன் மிதித்ததைத் “தானாய்ப் போனது” என்று எழுதுவித்த ஒருத்தி. சொன்னவர்கள் முப்பதுக்கு மேலிருப்பர். கையொப்பமிட்டவர்கள் பதினொருவர். கணவன் அறிவான், மாமியார் அறிவாள், தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கின்றார்கள் என்று மற்றவர்கள் பேனையை மேசையிலே வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களை நான் எப்படிக் குறைகூறுவது? ஒரு மூதாட்டி பெருவிரலை மையிலே தோய்த்துக்கொண்டு, “எனக்கு எழுத்துத் தெரியாது மோனை. அதால பயமும் தெரியாது” என்றார்.

பெயரிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். 1971 ஏப்ரில் மாதத்திலே பிரான்சிலே 343 பெண்கள், தாம் கருவைக் கலைத்தவர்கள் என்று பெயரோடு ஒரு வார இதழிலே அறிக்கை வெளியிட்டார்கள். அதை வரைந்தவர் சிமோன் தி பொவா. அக்காலத்திலே அந்நாட்டிலும் அது சிறைக்குரிய குற்றம். அத்தனை பேரையும் சிறையிடத்தான் எவரும் துணியவில்லை. நான்காண்டுகளிலே, 1975 சனவரியிலே, அங்கு சட்டம் மாறிற்று. அதே நாட்டு எழுத்தாளர் ஆனி எர்னோ, 1964 இல், மாணவியாயிருந்தபோது தமக்கு நேர்ந்ததை 2000 ஆம் ஆண்டிலேதான் தனி நூலாக எழுதி முடித்தார். முப்பத்தாறு ஆண்டுகள்! 2022 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தபோது நம் இலக்கிய வட்டங்களிலே அவரைப்பற்றிப் பேசினோம்; அந்த நூலைத் தொட்டும் தொடாமலும் பேசினோம்.

அயர்லாந்திலே நடந்ததை நான் மறக்கவே இயலாது. 2012 அக்டோபரிலே சவிதா ஹாலப்பனாவர் என்னும் பல்வைத்தியர், கர்நாடகத்திலே பிறந்தவர், கால்வே நகரிலே தம் முதற் கரு நிலைக்காது என்று தெரிந்தபின் அதை அகற்றுமாறு கேட்டார். கருவின் இதயம் இன்னும் துடிக்கின்றது என்று மறுத்தார்கள். நஞ்சு இரத்தத்திலே பரவி இறந்தார். வயது முப்பத்தொன்று. ஆபத்து வந்தபின் எழுதலாம் என்று எங்கள் வைத்தியர் எனக்குச் சொன்ன வாசகமே அங்கும் நடந்தது. எனக்கிருந்த அதிர்ஷ்டம் அவருக்கு இல்லை. அவரது படத்தைப் பிடித்துக்கொண்டு மக்கள் வீதிக்கு வந்தார்கள். பெண்கள் தத்தம் கதைகளைப் பத்திரிகைகளிலே பெயரோடு சொன்னார்கள். 2018 மே மாதத்து வாக்கெடுப்பிலே நூற்றுக்கு 66 பேர் அந்நாட்டு அரசியலமைப்பின் தடையை நீக்க இணங்கினார்கள். அவர்களும் கோயிலுக்குப் போகும் மக்களே.

மீண்டும் எங்கள் வாசிகசாலைக்கு வருகின்றேன். கடைசிக் கூட்டத்திலே, முன்னாளில் என்னிடம் படித்த பெண்ணொருத்தி, கையிலே பேனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “ரீச்சர், நீங்கள் எங்களுக்காகச் செய்யிறியள். உங்களுக்கும் அதுவோ?” என்று கேட்டாள். அதே கேள்வி, ஏறக்குறைய அதே வார்த்தைகள். முப்பத்தொரு வருஷம் கழித்து என்னைத் தேடிவந்தது.

“ஓம்” என்றேன்.

விண்ணப்பத்தின் அடியிலே பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. என் மகள் அதை வாசித்தே அறிந்தாள். பகல் முழுவதும் என்னோடு பேசவில்லை. இராச்சாப்பாட்டின் பின் சட்டிபானை கழுவிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் கேட்டாள். சொன்னேன். இறுதியிலே, “அம்மா, பக்கத்துக் கட்டில் அக்காவின்ரை பேர் என்ன?” என்றாள். எனக்குத் தெரியாது. நான் கேட்கவேயில்லை.

விண்ணப்பத்தைப் பதிவுத்தபாலிலே அனுப்பினோம். கிடைத்ததாக ஒரு வரி பதில் வந்தது. தபாற் பற்றுச்சீட்டு இன்னும் என் மேசை இலாச்சியிலே கிடக்கின்றது. வாசிகசாலைக் கூட்டம் இப்பொழுதும் மாதம் ஒருமுறை கூடுகின்றது. பலகையிலே எழுதும் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டோம்.

ஐந்து கதைகளையும் உரியவர்களுக்குத் திருப்பி அனுப்பியிருக்கின்றேன். ஒவ்வொன்றோடும் ஒரு சிறு குறிப்பு வைத்தேன்: அவள் கிணற்றடியிலிருந்து வீட்டுக்குத் திரும்பினால் அன்று காலையிலே என்ன நடக்கும், யார் கதவைத் திறப்பார்கள், அவள் என்ன சொல்வாள், இதை எழுதியனுப்புக. மட்டக்களப்பு மாணவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. கதையின் நீளம் இருமடங்காகியிருக்கின்றது, அவள் பேசுகின்றாள். அடுத்த கிழமை இப்பக்கத்திலே வெளியாகும்.